ஒன்பதாவது முடிச்சு

ஸ்வானேதி மலையை விட்டு நான் இறங்கியபோது
இடுப்புக் கயிற்றில் ஒன்பது முடிச்சு.
ஒவ்வொன்றும் என் கைக்குத் தப்பிய ஓர் உயிர்.
முதல் முடிச்சு, தொண்டை அடைத்துப்போன தேதுனா.
கடைசி முடிச்சுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை;
எட்டே நாள் குழந்தை.

செம்மறியின் ஒடிந்த காலைச் சேர்க்கத் தெரியும் எனக்கு.
மனிதனுக்குள் என்ன இருக்கிறதென்று
யாரும் திறந்து சொன்னதில்லை.

திபிலிசிச் சுங்கத்தில் மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள்:
கரடிக் கொழுப்பு, கத்தி, காய்ந்த பாலாடைக்கட்டி.
கயிற்றுக்கு வரி கேட்கவில்லை.
கோவேறு கழுதைக்காரன் பெஷ்கென்
வழியெல்லாம் அரபுச் சொல் விற்றான்,
சொல்லுக்கு ஒரு துண்டு பாலாடைக்கட்டி.
தண்ணீர். ரொட்டி. வலி.
வலிக்கு மட்டும் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டான்.

வான் ஏரிக் கரையில் காய்ச்சல் கண்டது.
மொசூல் மருத்துவமனைக்குள்
மாணவனாய் நுழையவில்லை நான்,
கழுதை முதுகில் குறுக்கே கிடந்தபடி போய்ச் சேர்ந்தேன்.
கழுவினார்கள். வெள்ளரி விதைக் கஷாயம் புகட்டினார்கள்.
ஆறு இளைஞர்கள் என் நாடியில்
மாறி மாறி விரல் வைத்துத் தகராறு செய்தார்கள்.
அன்றைய பாடம் நான்தான்.

பேச்சு திரும்பிய நாளில்
கயிற்றை அவிழ்த்து மருத்துவர் சப்ரீஷோவின் மடியில் வைத்தேன்.
வாங்கிய சொற்களோடு கையையும் சேர்த்து
ஒவ்வொரு முடிச்சாய்ச் சொன்னேன்.
நான்கை அவர் அவிழ்த்தார்.
மற்றவற்றை முகர்ந்துகூடப் பார்த்தார்.
எட்டு நாள் குழந்தையிடம் வந்ததும்
விரல் நின்றது.
ஏதோ ஒரு சொல் சொன்னார்.
பெஷ்கென் அதை எனக்கு விற்றிருக்கவில்லை.
பக்கத்தில் நின்றவன் சைகையில் காட்டினான்:
விரித்த இரண்டு வெறுங்கைகள்.

மறுநாள் காலை துடைப்பம் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.