நாரி

எட்டு வருசமா முழங்காலில நிண்டிருக்கிறன்.
கோயிலில இல்லை.
ஒரு மீற்றர் அகலப் பாதையில,
நெஞ்சில பாரக் கவசம், முகத்துக்குக் கண்ணாடி,
கையில மண்ணை மெல்ல வறுகிற சின்ன வாரி.
ஏ-ஒன்பதுக்குக் கிழக்கால
நாங்கள் வெளியாக்கின காணியில
இப்ப ஆரோ கச்சான் போட்டிருக்கினம்.

போன மாரியில ஒருநாள்
செருப்பு வாரைக் கொழுவக் குனிஞ்சனான்.
நிமிர ஏலாமற் போச்சு.
பனடோல். சுடுதண்ணி ஒத்தணம்.
இனிக் குனியாதை எண்டு அயலட்டை முழுக்கச் சொல்லிச்சு.
குனியேல்லை.
நித்திரையிலயும் பலகை மாதிரிக் கிடந்தன்.
விழுந்த சீப்பு ஒரு கிழமையாக்
கட்டிலுக்குக் கீழ.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, இலக்கம் அறுபத்திரண்டு.
எனக்கு முன்னால ஒரு பூநகரிச் சம்மாட்டி,
தோள்மூட்டு இறுகி, சட்டை போட மனிசி வேணும்.
கப்பியில தொங்கிற கயித்தை
நல்ல கையால இழுத்து நோகிற கையைத் தூக்கிறார்.
"வலை இழுக்கிறதிலும் கரைச்சல், தங்கச்சி."

பெயர்ப்பட்டியில மயூரதி.
மிசின் ஒண்டும் எடுக்கேல்லை. கேள்விதான்.
கால் விறைக்குதோ? சலம் போறது சரியோ?
"உதுகள் இருந்தால் இப்பவே
பெரிய டொக்டரிட்ட அனுப்பியிருப்பன்.
இல்லை. அப்ப குனியுங்கோ."

எனக்கு ஆத்திரம். குனிய ஏலாமத்தானே வந்தனான்.

"ஏலுமான அளவு."
விரல் முழங்கால் மட்டும் போய் நிண்டுது.
அங்கயிருந்து நிலத்துக்கு நாடா பிடிச்சாள்.
நாற்பத்தேழு சென்ரிமீற்றர். கொப்பியில எழுதினாள்.
அளக்கிறதெண்டால் எனக்கு விளங்கும்.
நாங்களும் ஒரு நாளைக்கு
இவ்வளவு எண்டுதான் முன்னுக்குப் போறது.

மல்லாக்கப் படுத்து, கால் மடிச்சு,
நாரியைத் தூக்கு. பத்து எண்ணு. விடு.
துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழ வை,
அதை நசி. பத்து.
கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்பு.
இதுக்கோ ரெண்டு பஸ் ஏறி வந்தனான்?

வீட்டில மகன் எண்ணினான்.
அவனுக்குச் சிங்களப் பாடத்தில எண் சோதினை.
எக்காய், தெக்காய், துனாய்...
ஏழில மறந்துபோய் அவன் முகட்டைப் பார்ப்பான்,
நான் நாரி தூக்கினபடி கிடப்பன்.
அந்தப் பாஷையில நான் முதல் பழகின சொல்லுகள் வேற.

மூண்டாம் கிழமை வீட்டுக்குள்ள வெள்ளம்.
அள்ளி ஊத்தினதில திரும்பப் பிடிச்சுது.
எல்லாம் வீண் எண்டன் மயூரதியிட்ட.
அவள் கேட்டாள்,
"உங்கட கருவி கத்துற இடமெல்லாம்
மிதிவெடியோ, அக்கா?"

நான் சிரிக்கேல்லை.
ஆணி. மீன் ரின் மூடி. குடைக்கம்பி.
ஒருக்கா ஒரு குழந்தைப் பிள்ளையின்ர காப்பு.
நூறு கத்தலில தொண்ணூற்றெட்டு உதுகள்தான்.
எண்டாலும் ஒவ்வொண்டுக்கும்
மெல்லப் போய்ப் பாக்கத்தான் சம்பளம்.
போகாமல் விடுறதில்லை.
ஓடிப் போறதுமில்லை.

என்ர நாரியில
ஆர் சிவப்புக் கட்டை நட்டது?
பஸ்ஸில பரந்தன் சந்தி மட்டும் யோசிச்சன்.

இப்ப திரும்ப வேலை.
முழங்காலுக்குக் கீழ தடிச்ச றப்பர்.
இருபது நிமிசத்துக்கொருக்கா எழும்பிப்
பின்னுக்கு வளையிறன்.
மேற்பார்வை செய்யிற தம்பி முதலில சிரிச்சவர்,
இப்ப அவரும் வளையிறார்.
விடியப்பறம் இன்னும் நோ இருக்கு.
மழை இருட்டினால்
முழங்கால் சிரட்டைதான் முதல் அறியும்.

நேற்று அகப்பை விழுந்துது.
எடுத்துக் கழுவி, சொதிக்குள்ள விட்ட பிறகுதான்
நினைவு வந்தது:
சுவரைப் பிடிக்கேல்லை.
மகனைக் கூப்பிடேல்லை.
ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணவுமில்லை.

துழாவ மறந்து நிண்டதில
சொதி திரைஞ்சு போச்சு.