மாதிரி எண் பதினான்கு

பதினான்காம் தகட்டில் நிறம் வந்த அன்று
கிளைபேடாவில் மைனஸ் பதினொன்று.
துறைமுகக் கிரேன்கள் அசையவில்லை.
பட்டறையில் ஹீட்டர் மட்டும்
பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.

உக்னே செப்புத் தகட்டைச் சன்னலுக்குக் கொண்டுபோனாள்.
பச்சை என்றால் பச்சையில்லை,
நீலம் என்று சொல்லவும் வாய் வராது.
உறைந்த காயலில் துளை போட்டு
மீன் பிடித்தவர் எழுந்து போன பிறகு
அந்தத் துளை மறுபடி மூடிக்கொள்ளுமே,
அப்போது ஓரத்தில் ஒரு நேரம் தெரியும், அது.

"இதுதான்" என்றாள்.
"படகுத்துறைச் சுவர் முழுக்க இதுதான்."

பிறகு நோட்டைப் பிரித்தாள்.
உப்பு இரண்டு கரண்டி, வினிகர் அரைக் குவளை,
பிர்ச் மரத்தூள், மூடிய பெட்டி, இரண்டு இரவு.
பதின்மூன்றுக்கும் அதையே எழுதியிருந்தாள்.
பதின்மூன்றோ
செல்லாக் காசு மாதிரி கறுத்துக் கிடந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

என் மேசை அவள் மேசையை ஒட்டியது.
முந்தாநாள் மதியம்
வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன் புட்டியை
முழங்கையால் தட்டியவன் நான்.
வெங்காய வளையங்களைப் பொறுக்கி எடுத்தேன்.
சாறு மரத்தூளுக்குள் இறங்கிவிட்டது.
பெட்டியை மூடினேன்.
மிச்ச மீனை ரை ரொட்டியோடு தின்றேன்.

பதினைந்தை அம்மோனியாப் புகையில் தொங்கவிட்டாள்.
எங்கள் இருவர் கண்ணும் எரிந்தன.
கிடைத்தது கழிப்பறை மருந்தின் நீலம்.
பதினாறை நெருப்பில் காட்டினாள்;
ஊதா, சிவப்பு, மயில்கழுத்து என
ஒரு நிமிடம் ஓடிக் காட்டிவிட்டு
மெழுகு பட்டதும் எல்லாம் படுத்துவிட்டது.
பதினேழைப் பனியில் புதைத்தாள்.
பதினெட்டுக்கு என்னைக் கொஞ்ச நேரம்
வெளியே நிற்கச் சொன்னாள்.
திரும்பி வந்து எதுவும் கேட்கவில்லை,
பெட்டியின் மேல் பெரிதாக "தொடாதே" என்றிருந்தது.

ஜிவிலே வாரம் ஒருமுறை வருவார்,
கோட்டைக் கழற்றாமலே பார்ப்பார்.
"நாற்பது சதுர மீட்டர் வேண்டும்.
உன்னிடம் இருப்பது ஓர் உள்ளங்கை."

சொல்லிவிடத்தான் நினைத்தேன்.
ஆனால் பனிக்கடியிலிருந்து பதினேழு வந்தபோது
அதன் மேல் ஒரு பூச்சியின் இறக்கை அளவுக்கு
நரம்பு நரம்பாக ஏதோ ஓடியிருந்தது,
அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, அவளும்தான்.
வாய் தானாக மூடிக்கொண்டது.
அடுத்து, கணக்கு குறுக்கே வந்தது:
இப்போது வாயைத் திறந்தால்
இருபத்துமூன்று தகட்டுக்கான செம்பு விலையையும்
சேர்த்துத் திறக்க வேண்டும்.
என் சொந்த வேலை, நாணற்கூழ் விளக்கு,
மூன்றாம் முறையாகத் தன்மேலேயே உட்கார்ந்துவிட்டது.
அதையும் கவனிக்க ஆளில்லை.

ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தது.
இரவு. ஹீட்டரும் செத்துவிட்டது.
உக்னே பதினான்கைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தை விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இதுவரை யாரும் பின்பக்கம் பார்க்கவில்லை.
இடுக்கியை எடுத்தாள்.
மெல்ல, மிக மெல்ல,
ஒரு செதிலைப் பிரித்தாள்.

மீன் செதில்.
நகத்தில் பாதி. விளக்கில் பளிச்சென்றது.

முகர்ந்தாள்.
மாதிரிப் புத்தகத்தில் பதினான்குக்குப் பக்கத்தில் வைத்து
ஒட்டுத்தாள் போட்டு, விரலால் நீவினாள்.
கீழே பேனாவால் ஏதோ எழுதினாள்.
நான் விளக்குக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தேன்,
அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

அவள் தலை நிமிரவில்லை.

"ஒரு புட்டிக்கு எவ்வளவு சாறு இருக்கும்?" என்றாள்.
"முந்நூறு மில்லி" என்றேன்.
"நாற்பது சதுர மீட்டருக்கு?"

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்.
எவ்வளவு மீன் தின்ன வேண்டியிருக்கும் என்பதை
அதில் சேர்க்கவில்லை.