மீட்பு

படிவத்தின் முதல் கட்டத்தில் சேஸிஸ் எண்.
முன்கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து படிக்கவேண்டும்.
பதினேழு எழுத்து. அதில் ஐ வராது, ஓ வராது.
ஒன்றென்றோ சுழியென்றோ யாரும் மயங்கிவிடக் கூடாதாம்.
இத்தனை கவனமாக
ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை.

ஷார்ஜாவில், சஜாவைத் தாண்டி எங்கள் யார்டு.
ஆகஸ்டு. காலை எட்டுக்கே கதவுப்பிடி கையைச் சுடும்.
கட்டி இழுத்துவரும் லாரிக்கு இங்கே ரிக்கவரி என்று பெயர்.
அதை ஓட்டும் குல்நவாஸுக்கும் அதுவே பெயராகிவிட்டது.
"ரிக்கவரி, அந்தப் பஜேரோவுக்குப் பின்னால் போடு."

தமிழ் ஆட்களுக்குப் போனில் சொல்வது என் வேலை.
"உங்கள் வாகனம் மீட்கப்பட்டது."

மூன்று வருடமாகச் சொல்கிறேன், இன்னும் நாக்கில் உட்காரவில்லை.
சேட்டுக் கடையில் சங்கிலியை மீட்டால்
வைத்தவர்தான் மீட்பார்.
கோயிலில் மீட்பர் என்றால்
அவர் பட்டார், நாம் பிழைத்தோம்.
இங்கே கொடுத்தவனே வந்து மீட்டுக்கொண்டு போகிறான்.
சொல் ரிவர்ஸில் போகிறது,
பின்னால் பார்க்கக் கண்ணாடியும் இல்லாமல்.

வெள்ளை சன்னி, 2019.
தவராசா புவனேந்திரன், ஏசி மெக்கானிக், மூன்று தவணை பாக்கி.
உள்ளே இருந்தவை, என் கையெழுத்தில்:
கேஸ் அளக்கும் மீட்டர் ஒன்று.
குழந்தைச் செருப்பு, இடது கால்.
பார்க்கிங் சீட்டுகள், ஏராளம்.
திருநீற்றுப் பொட்டலம் (எடை குறிப்பிடவில்லை).
ஒரு தண்ணீர் பாட்டில், பாதி.

ஆறாம் நாள் அவரே வந்தார்.
முல்கியாவைக் கொடுத்தார், சாவியின் இரண்டாம் படியையும்.
எதிலும் தகராறு இல்லை. எல்லாப் பக்கத்திலும்
கேட்குமுன் கையெழுத்து.
மீட்டரையும் செருப்பையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்:
"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணட்டே, தம்பி?
இப்பிடியே விட்டா இந்த வெயிலுக்குப் பற்றரி செத்துப்போகும்."

விதிப்படி முடியாது என்றேன்.
விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான் தேடியிருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாம் நாள் மதிப்பீட்டாளர் வந்து சாவியைத் திருகினார்.
டிக், டிக்.
அவ்வளவுதான்.
குல்நவாஸ் கேபிள் கொண்டுவந்தான்,
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
அறுபது திர்ஹம்.
அதையும் கணக்கில் ஏற்றினேன், அவர் கணக்கில்.

கடன் நிலுவை 31,460.
இழுத்து வந்தது 350.
யார்டு வாடகை, நாளுக்கு இருபது வீதம், 820.
கழுவியது 40. போலீஸ் அபராதம் 1,100.
பேட்டரி 60.
விற்றது 22,000.
வாங்கியவர் சூடான்காரர், டயரை ஒரு உதை உதைத்து
பணத்தை மூன்று முறை எண்ணினார்.
வங்கியின் தடையில்லாக் கடிதம், பாஸிங், புதிய முல்கியா
எல்லாம் ஒரு முற்பகலில் முடிந்தது.
வண்டிக்குப் பழைய ஆளை மறக்க அவ்வளவு நேரம் போதும்.
ஆளுக்குப் போதாது. அவருக்கு இன்னும் 11,830 பாக்கி,
தன்னிடம் இல்லாத ஒரு வண்டிக்கு.

போன் செய்தேன். தொகையைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஏதோ கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.
ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்.
வாசித்தேன்.
பேட்டரி வந்ததும் இரைச்சலை நிறுத்தினார்.
"அது எவ்வளவு?"
"அறுபது."
"ம்," என்றார்.
"மிச்சத்தையும் வாசியுங்கோ."

அன்று ராத்திரி அறையில் தூக்கம் வரவில்லை.
கைலியோடு கீழே இறங்கினேன்.
மணல் பார்க்கிங்கில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்
என் வண்டி. இன்னும் இருபத்தொரு தவணை.
எங்கும் போகிற எண்ணமில்லை.
சாவியைத் திருகி
கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.