நானூற்றுப் பத்து

ஜுபைலில் ஆகஸ்ட், காலை பத்தரை.
கூரைக்கு ஏறும் இரும்பு ஏணியை
வெறுங்கையால் தொட்டவன்
இரண்டாம் முறை தொடமாட்டான்.

போனில் கேம்ப் பாஸ் ஷிஹாபுதீன்
நோயையும் அவரே சொல்லி
மருந்தையும் அவரே எழுதுகிறார்:
"கேஸ் போயி. ஏத்திட்டு இறங்கு."
இந்த ஊர் ஏசிக்கு
கேஸைத் தவிர வேறெதுவும் போகாது.

நீலக் குழாயைத் தாழ்பக்கம் முடுக்கினேன்,
சிவப்பை மேல்பக்கம்.
நுனியில் ஒரு சீறல்.
கட்டைவிரலில் பனி சுட்டது.
நாற்பத்தாறு டிகிரியில்
அன்று எனக்குக் கிடைத்த குளிர் அவ்வளவுதான்.

நீலம் எண்பத்தெட்டு.
சிவப்பு நானூற்றுப் பத்து.

கேஸ் போன மெஷின் இப்படி எகிறாது.
போயிருந்தால்
இரண்டு முள்ளும் தலை தொங்கியிருக்கும்.
இது வேறு:
உள்ளே இருக்கும் சூடு
வெளியே போக வழியில்லாமல்
முட்டிக்கொண்டு நிற்கிறது.

எதற்கும் பார்ப்போமென்று
நிறுத்தினேன்.

விசிறி தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது.
நீலம் ஏற, சிவப்பு இறங்க,
இருநூற்று நாற்பதில் இரண்டும் சந்தித்தன.
ஓடும்வரை ஒத்துப்போகாத இருவர்.

கீழே கதவு திறந்தது.
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர்கள்,
அறைக்கு எட்டுப் பேர்.
தெலுங்கில் ஒரு வசவு, வங்காளத்தில் ஒன்று.
இரண்டும் புரிந்தது.
"அஞ்சே நிமிஷம்" என்று கத்தினேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.

அப்போதுதான் மெஷினுக்குப் பின்னால்
பொத்தென்று ஏதோ விழுந்தது.
பிறகு இன்னொன்று.

சுற்றிப் போய்ப் பார்த்தேன்.
மூன்று நீலக் கவரால், ஒரு லுங்கி,
கம்பெனிப் பெயர் அச்சிட்ட படுக்கை விரிப்பு.
கயிறில்லை, கிளிப்பில்லை.
விசிறி உள்ளிழுக்கும் காற்றே
காயிலோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது
ஈரத்தை.
நான் நிறுத்தியதும் கைவிட்டுவிட்டது.

முற்றத்துக் கொடியில் போட்டால்
சாயங்காலத்துக்குள்
புழுதி படிந்து மறுபடி துவைக்க வேண்டும்.
ஆறு மணிக்கு பஸ்.
மாற்று ஜோடி அடுத்த மாதம் தருவார்கள்,
போன மாதமும் அப்படித்தான் சொன்னார்கள்.

பழிக்க எனக்கு வாயில்லை.
என் கேம்பில் நானும் இப்படித்தான் காயவைக்கிறேன்,
ஆனால் சூடு வெளியேறும் பக்கம்,
நாலடி தள்ளி.
தொழில் தெரிந்தவன்.

பையில் கிடந்த செம்புக் கம்பியைக்
கைப்பிடிச் சுவருக்கும் பைப்புக்கும் இழுத்துக் கட்டி
எல்லாவற்றையும் எடுத்து மாட்டினேன்.
காயிலில் நூல்பிசிறு.
ஈரத் துணிக்குப் பின்னால் மணல்
களிமண்ணாய் அப்பியிருந்தது.
தண்ணீர் அடித்தேன். பழுப்பாய் ஓடியது.

மறுபடி ஓடவிட்டேன்.
முட்கள் பிரிந்தன.
சிவப்பு முந்நூற்று முப்பதில் தயங்கி
அங்கேயே நின்றது.
கீழே கதவு சாத்தும் சத்தம்.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டம்.
எழுதினால்
துணிக்கு ஐம்பது ரியால் பிடிப்பார்கள்.
'தூசி' என்று எழுதினேன்.
அதுவும் இருந்ததுதானே.

மார்பில் 3318 தைத்த கவரால்
வெந்நீர்க் காற்றில் கையுயர்த்தி ஆடுகிறது.
முழங்கை மடிப்பில் மட்டும் இன்னும் ஈரம்.

போன் அடிக்கிறது.
ஷிஹாபுதீன்.
"எத்தனை கிலோ ஏத்தினே?"