குருட்டு ஸ்கௌஸ்

லிவர்பூல் துறைமுகத்தில் வேலைநிறுத்தம்,
ஏழாவது வாரம்.
உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம்
எல்லாம் ஒரே சட்டியில் கொதித்தன.
கறி இல்லை. எலும்புகூட இல்லை.
"இன்னைக்குக் குருட்டு ஸ்கௌஸ்" என்றாள் அம்மா.
ஐந்து பேரும் தட்டை நீட்டினோம்.

கறி விழுந்தால்தான் அதற்குக் கண்.
யார் வைத்த பெயரோ,
எங்கள் தெருவில் விளக்கம் கேட்பாரில்லை.

வடகடல் மாலுமிகளின் லாப்ஸ்கௌஸ் அது என்பார்கள்:
உப்புக்கறியும் கப்பல் ரொட்டியும் குழைந்த கூழ்.
கரையேறும்போது பெயரின் முன்பாதி
தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும்.
பின்பாதி சட்டியில் அடிப்பிடித்தது,
பிறகு எங்கள் மேல்.

பத்தொன்பது வயதில் தெற்கே போனேன்,
டாகன்ஹாம் கார் ஆலைக்கு.
வாய் திறந்த மாத்திரத்தில் மேஸ்திரி,
"ஏய் ஸ்கௌஸ், அந்த ஸ்பானரை எடு!"
டெரன்ஸ் டியர்னி என்று
சட்டையில் அட்டை குத்தியிருந்தேன்.
சம்பளக் கவர் மட்டும்தான் அதைப் படித்தது.
எரிச்சல்தான், பொய் சொல்வானேன்.

மார்ச் மாதம் இன்னொருவன் வந்தான்,
பூட்டில் பக்கத்துப் பையன், நீளக் கழுத்து.
"ஸ்கௌஸ்!" என்றான் மேஸ்திரி.
இருவரும் திரும்பினோம்.

மதியம் அவன் டப்பாவில்
ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸும்
காய்ந்த ரொட்டியும்.
"நீ எந்த ஸ்கௌஸ்?" என்றேன்.
"வியாழக்கிழமை ஸ்கௌஸ்" என்றான்.
எங்களுக்குச் சம்பளம் வெள்ளிக்கிழமை.

என் ரொட்டியைப் பிரித்து
பன்றிக்கறித் துண்டில் பாதியை
அவன் பக்கம் தள்ளினேன்.
"இந்தா,
கண்ணைத் திற."