பத்தாயிரம் பேர் பிரட்டு

பாகாவில், ஆ சேங் டயர் கடைக்கு மேல்மாடி.
சன்னலைச் சாத்தினாலும் ரப்பர் வாடை.
திங்கட்கிழமை செம்பனை ஆலைக்காரர்கள் வருகிறார்கள்,
சம்பள மென்பொருள் பாரம் தாங்குமா என்று பார்க்க.
உண்மைப் பட்டியல் தரமாட்டார்களாம், ரகசியமாம்.
ஆகவே இந்தச் சனி இரவு
பத்தாயிரம் தொழிலாளிகளை நானே பெற வேண்டும்.

வலியில்லை. பதினொரு வினாடி.
ஒரு கூடையில் முதற்பெயர், இன்னொன்றில் தகப்பன் பெயர்,
குலுக்கி எடு என்றேன்.
பிரட்டுக்கு முதலில் வந்து நின்றவர்
முனுசாமி பின் லிம் கோக் செங்.
அடுத்தவள் நோராய்னி ஏ/பி வீராசாமி,
பிறந்தது தொண்ணூற்றெட்டில்,
வேலைக்குச் சேர்ந்தது எழுபத்திரண்டில்.
மூன்றாவது ஆளுக்குப் பிடித்தம் எல்லாம் போகக்
கைக்கு வந்தது மைனஸ் நாற்பது ரிங்கிட்.
திருத்தப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.
இது நடக்காததல்ல.

வீடுகள் நூற்றிருபதுதான் போட்டிருந்தேன்.
வீட்டுக்கு எண்பத்து மூன்று பேர்.
தரவுத்தளம் ஒரு முனகல் முனகவில்லை.
அதற்கு வேண்டியது வேறு:
டிவிஷன் இல்லாமல் ஆள் கூடாது,
வீட்டு எண் இல்லாமல் ஆள் கூடாது,
ஐசி எண் வெற்றாக இருந்தால் வாசலிலேயே நிறுத்தும்.
அந்த மூன்றாவது விதியை எழுதியவள் நான்.
மாடிப்படி கூட்டும் சரோஜினி
பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து ஐம்பத்தொரு வருஷம்,
இன்னும் கார்டு வரவில்லை.
முனுசாமி பின் லிம்முக்கு இருக்கிறது.

லோரியை நிறுத்திவிட்டு அர்ச்சுனன் மேலே ஏறி வந்தான்.
"தங்கச்சி, உன் மெஷின் வாய்க்கு வந்த நம்பரா அடிக்குதாமே,
நாளைக்குக் குலுக்கல், எனக்கொரு நாலு நம்பர் சொல்லு லா."
வாய்க்கு வந்தது இல்லை அண்ணே,
விதை என்று ஒரு எண் கொடுப்போம்,
அதே விதை போட்டால் அதே ஆட்கள், அதே வரிசை,
அதே மைனஸ் நாற்பது.
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப அந்த விதை என்னா நம்பர்?"
1407. என் பிறந்த நாள்.
பத்து ரிங்கிட் கட்டினான்.
1470 வந்ததாம். புரட்டி வாங்காமல் விட்டதற்கு
என்னைத்தான் ஏசுகிறான்.

திங்கள் நன்றாகவே போயிற்று.
பத்தாயிரம் சம்பளச் சீட்டு நான்கு நிமிடத்தில்.
ஆலைக்காரர் தலையாட்டினார்,
ஒரு பெயரைக்கூட வாசிக்கவில்லை.

பிறகு அழித்தேன். அழிப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது:
முதலில் சம்பளச் சீட்டுகள், பிறகு ஆட்கள்,
அப்புறம்தான் வீடுகள், கடைசியாகத் தோட்டம்.
மாற்றிச் செய்தால் விடாது,
யாரோ இன்னும் இதைச் சார்ந்திருக்கிறார்கள் என்று
சிவப்பில் எழுதி நிறுத்திவிடும்.

சரோஜினியின் தோட்டத்தில்
தோட்டத்தைத்தான் முதலில் விற்றார்கள்.
அடுத்தது வீடுகள்.
ஆட்கள் அதற்கப்புறமும் இருந்தார்கள்.

எண்ணச் சொன்னேன். பூஜ்யம்.
திரை ஓரத்தில் 1407 ஒட்டியபடி இருக்கிறது,
அடித்தால் போதும், என் ஆட்கள் அத்தனை பேரும்
அவரவர் வீட்டு எண்ணுக்கே திரும்பி வருவார்கள்.