காலி எடை

பர்கூர் சாலையில் எடைமேடைக்குச் சீட்டுப் போடுகிறவள் நான்.
கருங்கல் லாரி நாற்பத்திரண்டு டன் என்று காட்டினால்
நாற்பத்திரண்டு என்று எழுதுவேன்.
கல்லை இறக்கிவிட்டு வந்தால் எழுதுவது காலி எடை.
பதினோரு வருடமாக
அடுத்தவர் பாரம்தான் என் சம்பளம்.

சனிக்கிழமை மத்தியானம், மேடை சும்மா கிடந்தது.
ஸ்ப்ளெண்டரை ஏற்றி நிறுத்தி மேலே நானும் உட்கார்ந்தேன்.
பையோடு: நூற்றெண்பது.
பையைக் கழற்றி ஆபீஸ் படியில் வைத்துவிட்டு மறுபடியும்:
நூற்றெண்பது.
இருபது கிலோவுக்குக் குறைந்ததைப் பார்க்க
அந்த மேடைக்குக் கண் கிடையாது.

எனக்குத் தெரியும்
அந்தப் பைக்காக எத்தனை சண்டை போட்டேன் என்று.
பல் பிரஷைப் பாதியாக அறுத்தாயிற்று.
துண்டு கைக்குட்டை ஆகிவிட்டது.
கூடாரம் ஒன்றேகால் கிலோ,
ஓசூரில் ஒரு பையன் கல்யாணம் ஆனதும் விற்றது.
அதன் முளைகள் இருநூறு கிராம். வேண்டாம்,
தர்மபுரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்?
ஒரே ஒரு அலுமினிய டம்ளர்.
தங்கையிடம் சொல்ல வைத்திருந்த பொய்யை மட்டும்
எடுப்பதா விடுவதா என்று கடைசிவரை முடிவாகவில்லை.

ஊத்தங்கரை தாண்டி அரூரில் பெட்ரோல்.
டீக்கடைக்காரர் பின்சீட்டைப் பார்த்துக் கேட்டார்:
"கூட யாரும்மா?"
ரப்பர் கயிற்றில் இறுக்கிய பையைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
டீயில் சர்க்கரை மட்டும் கூடுதலாக இருந்தது.

சித்தேரி மலை நீலம் போய்க் கறுக்கும் நேரம்.
அறுத்து முடித்த கேழ்வரகுக் கொல்லை.
கொல்லைக்காரி கோவிந்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"படு. மாடு வராது, பன்னி வரும்" என்றாள்.
கூடாரத்தின் மூன்று மூலைக்கு மூன்று கல்.
நாலாவதற்கு
வேம்படியில் இடுப்புயரம் நின்ற பலகைக் கல்.
சுற்றிக் கட்டினேன்.

பதினொரு மணிக்கு வரப்பில் ஒரு வெளிச்சம் வந்தது.
அதுவரை எடையே இல்லாமல் கிடந்த உடம்பு
சட்டென்று டன் கணக்காகியது.
மடக்குக் கத்தி, நாற்பது கிராம். கைக்கு அகப்படவில்லை.

"கோவிந்தி சொன்னா" என்றது வெளிச்சம்.
"மூணு பேஸ் கரண்ட் இப்பதான் உடறான். மோட்டார் போட வந்தேன்."
பிறகு கயிறு போன வழியே டார்ச்சை ஓட்டிக்கொண்டு போய்
அந்தக் கல்லில் நிறுத்தினார்.
"அய்யய்யோ, இது வேடியப்பனாச்சே."

அவிழ்க்க எழுந்தேன். முடிச்சு பிடி கொடுக்கவில்லை.
காற்று கூடாரத்தை ஒருமுறை உதறியது.
அவர் அதையும் பார்த்தார்.
"உடு. இருக்கட்டும். புடிச்சிக்குவாரு."

தூரத்தில் மோட்டார் தண்ணீர் துப்பத் தொடங்கியது.
தூங்கிவிட்டேன், அத்தனை சத்தத்தில்.

விடிந்ததும்தான் அவரைப் பார்த்தேன்.
மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அடியில்
ஒரு கையில் வில், ஒரு கையில் வாள்,
உடம்பில் மூன்று அம்பு.
காலடியில் முஷ்டி அளவு ஒரு செம்பு.
அவ்வளவுதான் அவன் சாமான்.
மாடு மீட்கப் போகிறவன் அதற்குப் பதில்
ஒரு கேடயம் எடுத்திருக்கலாமே என்று
என் எடைமேடைப் புத்தி கணக்குப் போட்டது.
பிறகு என் டம்ளரைப் பார்த்தேன்.
மீதித் தண்ணீரில் பாதியைக் கல்லுக்கு ஊற்றினேன்.
பாதியை நான் குடித்தேன்.

அரூரில் சிக்னல் வந்ததும் தங்கையிடம் சொன்னேன்.
"தனியாவா?"
தனியா.
"நிஜமாவா?"
பொய் அப்படியே பிரிக்காமல் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை முதல் லாரி திம்மராயனுடையது.
முப்பத்தொன்பது டன் எண்ணூறு.
"லீவுக்கு எங்கக்கா போனீங்க?"
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மேசைக்கு அடியில் சுருட்டி வைத்த கயிற்றில்
ஒரு முழத்துக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு.
எடை கொஞ்சம் கூடியிருக்கும்.
ஐந்து கிராமோ, ஆறோ.